யாருக்காக இந்தக் கேக்?

இந்திய ஏலக்காயின் விலை இரண்டு ஊர்களில் முடிவாகிறது. ஒன்று மலைக்கு மேலே, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துப் புட்டடி. இன்னொன்று மலையடிவாரத்தில், தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர், சுருக்கமாகப் போடி. ஸ்பைசஸ் போர்டின் ஏல மையங்களில் வியாபாரிகள் மாதிரிக் காயைக் கையில் அள்ளுகிறார்கள். நிறம் பார்த்து, பருமன் பார்த்து, ஒரு லிட்டர் அளவில் எத்தனை கிராம் நிற்கும் என்று கணக்குப் போட்டு, அப்புறம்தான் கணினியில் விலையைத் தட்டுகிறார்கள். எட்டு மில்லிமீட்டர் பருமன் கொண்ட பச்சைக் காய்க்குத் தனி மரியாதை. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது இரண்டு ஊர்களும் வாயடைத்துப் போயின. அதற்கு முந்தைய ஆண்டின் பெருமழையில் மலைத்தோட்டங்கள் சீரழிந்ததுதான் அந்த விலைக்கு முக்கியக் காரணம்.

இவ்வளவு மதிப்புள்ள காயை ஊர்க்காரர்கள் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தால் பட்டியல் சின்னதுதான். சர்க்கரைப் பொங்கல், கேசரி, பாயசம், டீ. ஒரு சிட்டிகை, அல்லது இரண்டு காய். ஆனால் ஏலச்செடி ஒன்றுகூட முளைக்காத பின்லாந்தில், அன்றாடம் காபியோடு தின்னும் ‘புல்லா’ என்ற பின்னல் ரொட்டிக்கு ஏலக்காய்தான் உயிர். சுவீடனின் பேக்கரிகளில் கயிறு முறுக்கியது போன்ற ஏலக்காய்ப் பன்னை அடுக்கி வைத்திருப்பார்கள். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் சேரும் இடத்தில் இந்தக் காய் எப்படி மணக்கும் என்பதைப் பனிநாட்டுக்காரர்கள் நம்மை முந்திக்கொண்டு கண்டுபிடித்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டு வீட்டு அடுப்படிக்குள் கேக் வந்ததே பிந்தித்தான். ஓவன் இல்லாத வீடுகளில் குக்கர் கேக் வந்தது. கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் உப்பையோ மணலையோ பரப்பி, மேலே ஒரு தட்டு வைத்து, அதன்மேல் மாவு ஊற்றிய பாத்திரத்தை இறக்கி, சிறு தீயில் முக்கால் மணி நேரம். 2020-ன் ஊரடங்கு மாதங்களில் கடைகள் அடைபட்டிருந்தபோது, பிறந்தநாள் வந்த வீடுகளிலெல்லாம் இந்த வித்தை அரங்கேறியது. சிலர் அத்தோடு விட்டார்கள். சிலர் ஓடிஜி என்ற சிறு மின்சார ஓவனை வாங்கி, ஆர்டர் எடுத்து, அதையே வருமானமாக்கிக்கொண்டார்கள். இன்னும் சிலர் உண்டு. விற்பதற்காகவும் செய்வதில்லை, வீட்டாருக்காகவும் செய்வதில்லை. குறிப்பிட்ட ஒரு தோழிக்காக, ஒரு நண்பனுக்காக, ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ கேக் செய்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது வகையினரைப் பற்றியது.

நம்மிடம் பலகாரம் கொடுத்துவாங்கும் பழக்கம் என்றைக்கும் உண்டு. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் தெரு முழுக்கப் போகும். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது எழுதாத சட்டம். ஆனால் அந்தப் பலகாரம் யாருக்கென்று தனியாகச் சுட்டதல்ல. ஒரே ஈடு, பத்து வீட்டுக்குப் பங்கு. அதில் புதுமைக்கும் இடமில்லை. அதிரசத்தில் யாராவது காபிப்பொடி போட்டுப் பார்த்தால், “என்னக்கா, பாகு தீஞ்சுபோச்சா?” என்றுதான் பக்கத்து வீட்டில் கேட்பார்கள். முறுக்கு போன வருஷ முறுக்கு மாதிரியே இருந்தால்தான் நல்ல முறுக்கு.

கேக்குக்கு அப்படியொரு பாட்டி வழிச் சட்டம் நம் ஊரில் இல்லை. இதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. உண்மையில் அதுவே வசதி. எந்த மாவு, எந்தப் பழம், முட்டை உண்டா இல்லையா என்று எல்லாவற்றையும் செய்பவர்தான் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவுகளை எடுக்க ஓர் அளவுகோல் வேண்டுமே? அங்கேதான் தோழி வருகிறாள்.

யாருக்காக என்று தெரிந்துவிட்டால் மூளை வேறு மாதிரி வேலை செய்கிறதா? அமெரிக்க ஆய்வாளர்கள் இவான் போல்மனும் கைல் எமிக்கும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இதையொட்டியது. கல்லூரி மாணவர்களிடம் ஒரு புதிர் போட்டார்கள். ஒரு கைதி கோபுரத்தில் அடைபட்டிருக்கிறான். தப்பிக்க ஒரு கயிறு இருக்கிறது. ஆனால் அது தரையைத் தொட வேண்டிய நீளத்தில் பாதிதான். அவன் கயிற்றை இரண்டாகப் பிரித்து, இரண்டையும் முடிச்சுப் போட்டு இறங்கித் தப்பிவிடுகிறான். எப்படி? கோபுரத்தில் நீங்களே இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று சிலரிடமும், வேறொருவர் இருப்பதாக நினையுங்கள் என்று மற்றவர்களிடமும் சொன்னார்கள். தன்னை வைத்து யோசித்தவர்களில் 48 சதவீதம் பேர் விடை கண்டார்கள். பிறரை வைத்து யோசித்தவர்களில் 66 சதவீதம். (விடை: கயிற்றைக் குறுக்கே வெட்டவில்லை. புரியைப் பிரித்து, நெடுக்கே இரண்டாக்கினான்.) கதைக்கு ஒரு வேற்றுக்கிரகவாசியை வரையச் சொன்ன இன்னொரு சோதனையிலும், பிறர் எழுதப்போகும் கதைக்கு வரைந்தவர்களின் படங்களே புதுமையாக இருந்தன.

இது கேக்கைப் பற்றிய ஆய்வல்ல. மாணவர்களை வைத்து நடத்திய சோதனையைப் போடிக்காரரின் அடுக்களையில் அப்படியே இறக்கிவிடவும் முடியாது. ஆனாலும் தனக்கென்று செய்யும்போது பழகின வெண்ணிலா கேக்கோடு நின்றுவிடும் கை, இன்னொருவருக்கென்று செய்யும்போது ஏன் அலமாரி முழுக்கத் துழாவுகிறது என்பதற்கு இது ஓரளவு விளக்கம் தருகிறது.

இந்த வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். கார்த்திகை பிறந்தால் தேனி மாவட்டத்தில் பாதி வீடுகளில் யாராவது மாலை போட்டிருப்பார்கள். கம்பம், குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகும் கூட்டம் தை வரை ஓயாது. அந்த நாட்களில் தோழிக்குப் பிறந்தநாள் வந்தால் முதல் கேள்வியே, “முட்டை போட்டியாடி? அவுக மாலை போட்டிருக்காக” என்பதாகத்தான் இருக்கும். முட்டையை எடுத்துவிட்டால் கேக்கில் மூன்று வேலைகளுக்கு ஆள் குறைகிறது. மாவைச் சேர்த்துப் பிடிப்பது, காற்றைத் தேக்கி உப்பச் செய்வது, ஈரம் காப்பது. தயிரும் ஆப்பசோடாவும் சேர்ந்தால் இரண்டாவது வேலை நடக்கும். புளிப்பும் சோடாவும் சந்தித்த கணமே வாயு கிளம்பிவிடும் என்பதால், கலந்த மாவை வைத்துக்கொண்டு போன் பேசக்கூடாது. முதல் வேலைக்கும் மூன்றாவது வேலைக்கும் மசித்த வாழைப்பழம் கை கொடுக்கும். சின்னமனூர், கம்பம் பக்கம் வாழைக்குப் பஞ்சமில்லை. இப்படி ஒரு வீட்டின் விரதத்திலிருந்து ஒரு ஏலக்காய்-வாழைப்பழக் கேக் பிறக்கிறது. விரதம் இல்லாவிட்டால் அது யாருக்கும் தோன்றியிருக்காது.

அடுத்து, அந்தத் தோழி மலைமேல் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். போடி நகரம் கடல் மட்டத்திலிருந்து 350 மீட்டர் சுமாரில் இருக்கிறது. 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி போடிமெட்டை அடைந்தால் 1,300 மீட்டருக்கு மேல். கீழே பிரமாதமாக வந்த செய்முறையைப் போனில் சொல்லி, மேலே அவள் செய்து பார்த்தால், கேக் வேகமாக எழும்பி நடுவில் குழி விழுந்துவிடும். “நீ சொன்ன மாதிரியேதான்டி செஞ்சேன்!” என்று அவள் சொல்வது நிஜம்தான். மேலே காற்றழுத்தம் குறைவு. மாவுக்குள் கிளம்பும் வாயு கீழே இருப்பதைவிட அதிகமாக விரிகிறது. மாவு வெந்து கெட்டிப்படுவதற்குள் குமிழ்கள் உடைந்துவிடுகின்றன. தண்ணீரும் அங்கே 95, 96 டிகிரியிலேயே கொதிப்பதால் ஈரம் சீக்கிரம் ஆவியாகிறது. 900 மீட்டருக்கு மேல் போனாலே பேக்கிங் பவுடரைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், பாலைக் கொஞ்சம் கூட்ட வேண்டும் என்பது பேக்கிங் தெரிந்தவர்களின் விதி. தோழி எந்த உயரத்தில் இருக்கிறாள் என்பதுகூடச் செய்முறையில் ஒரு பொருளாகிவிடுகிறது.

கீழே வேறு தொல்லை. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடிக்கும்போது, சர்க்கரையின் கூரான முனைகள் வெண்ணெய்க்குள் காற்றுக் குழிகளைத் தோண்டுகின்றன. அதற்கு வெண்ணெய் 18 முதல் 20 டிகிரிக்குள் இருப்பது நல்லது. சித்திரை மாதப் போடியில் அது எண்ணெயாகிக் கிண்ணத்தில் ஓடும். ஆகவே கோடையில் பிறந்த தோழிக்கு எண்ணெயில் செய்யும் கேக், மார்கழியில் பிறந்தவளுக்கு வெண்ணெய் கேக் என்று பருவமே பாதியை முடிவுசெய்துவிடும். சர்க்கரை நோய், பாதாம் ஒத்துக்கொள்ளாமை, சாக்லேட் என்றாலே முகம் சுளிப்பது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலி உண்டு. வேலி நெருங்க நெருங்கக் கற்பனைக்கு வேலை கூடுகிறது. மலைக்காபிக் கஷாயம், புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, போடி மாம்பழம், நாட்டுச்சர்க்கரை என்று கையெட்டும் தூரத்தில் கிடப்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படுகிறது.

இந்தியக் கேக்கின் வரலாறே இப்படி ஒரு வேலியில்தான் தொடங்குகிறது. பர்மாவில் பிஸ்கட் தொழில் கற்றுத் திரும்பிய மம்பள்ளி பாப்பு, தலச்சேரியில் ராயல் பிஸ்கட் ஃபேக்டரி என்ற பேக்கரியை 1880-ல் தொடங்கினார். 1883-ன் கிறிஸ்துமஸுக்கு முன்னால், அஞ்சரக்கண்டி இலவங்கப்பட்டைத் தோட்டத்தைச் சேர்ந்த முர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரர் இங்கிலாந்திலிருந்து வந்த பிளம் கேக் ஒன்றைக் கொண்டுவந்து, இதுபோல் ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார் என்பது அந்தக் குடும்பம் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரர்களின் மாஹே. அங்கிருந்து பிராந்தி வாங்கி ஊற்றும்படி பிரவுன் சொன்னாராம். பாப்பு கேட்கவில்லை. கதலிப்பழமும் முந்திரிப்பழமும் சேர்த்துக் காய்ச்சிய உள்ளூர் சரக்கை ஊற்றினார். அச்சை உள்ளூர்க் கொல்லரிடம் அடித்து வாங்கினார். மலபாரின் வாசனைப் பொருள்களைச் சேர்த்தார். டிசம்பர் 20-ம் தேதி கேக்கைச் சுவைத்துப் பார்த்த பிரவுன் இன்னும் ஒரு டஜன் கேட்டாராம்.

பிரவுன் வாடிக்கையாளர்தான், நண்பர் அல்ல என்று ஆட்சேபிக்கலாம். நியாயம்தான். ஆனால் பாப்பு அன்றைக்குப் பொதுச் சந்தைக்காகச் செய்யவில்லை. எதிரே நிற்கும் ஒரு நாக்குக்காகச் செய்தார். அந்த நாக்கு கேட்டதை அப்படியே கொடுக்காமல், தன் மண்ணில் இருப்பதைக் கொண்டு பதில் சொன்னார்.

அதே 1883-ல், உலகத்தின் மறுபக்கத்தில், இன்னொரு கேக் காகிதத்தில் ஏறியது. அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் என்ற சிற்றூரில் வாழ்ந்த கவிஞர் எமிலி டிக்கின்சன், கறுப்புக் கேக் ஒன்றின் செய்முறையைத் தன் கைப்பட எழுதி, பூக்களோடு சேர்த்து நெல்லி ஸ்வீட்சர் என்ற தோழிக்கு அனுப்பினார். இரண்டு பவுண்டு மாவு, இரண்டு பவுண்டு சர்க்கரை, இரண்டு பவுண்டு வெண்ணெய், ஐந்து பவுண்டு உலர்திராட்சை, 19 முட்டை, ஜாதிக்காய், கிராம்பு, பட்டை, பிராந்தி. நம் ஊர்க் கல்யாண வீட்டுச் சமையல்காரர் எழுதிக் கொடுக்கும் லிஸ்ட் போல இருக்கிறது. அந்தக் கையெழுத்துத் தாள் இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கிறது. டிசம்பரில் அவர் பிறந்தநாளை ஒட்டி நூலக ஊழியர்கள் அந்தக் கேக்கைச் செய்து பார்ப்பதுண்டு.

டிக்கின்சன் ஏறத்தாழ 1,800 கவிதைகள் எழுதியவர். உயிரோடு இருந்தபோது அச்சில் வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். வெளியே வராத பெண் என்று பெயர் வாங்கியவர், ஊரில் முதலில் பெயரெடுத்தது அடுப்பங்கரையில். 1856-ல் ஆம்ஹர்ஸ்ட் கால்நடைக் கண்காட்சியில் அவருடைய ரொட்டிக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. இஞ்சிக் கேக்கைக் கூடையில் வைத்து ஜன்னல் வழியாகக் கயிற்றில் இறக்கித் தெருப்பிள்ளைகளுக்குக் கொடுப்பார். சமையல் வேலைக்கு நடுவே தோன்றிய வரிகளை உறைகளிலும் சாக்லேட் சுற்றிய தாளிலும் எழுதிவைத்தார். அவருடைய கவிதை வரைவு ஒன்று, ஒரு தேங்காய் கேக் செய்முறைத் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. முன்பக்கம் மாவும் தேங்காயும், பின்பக்கம் கவிதை. இரண்டும் ஒரே மேசையில் நடந்த வேலை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. கவிதைகளில் பலவும் கடிதத்தோடு, பூவோடு, சில வேளை கேக்கோடு, குறிப்பிட்ட மனிதர்களுக்குத்தான் போய்ச் சேர்ந்தன.

பாப்புவின் கேக்கைப் போல, ஒரு பொருளுக்குப் பதில் இன்னொன்றைத் தேடிப் பிறந்த பண்டங்கள் நம் பக்கத்தில் வேறும் உண்டு. தூத்துக்குடி மக்ரூன் அப்படி ஒன்று. ஐரோப்பாவில் பாதாமில் செய்வது இங்கே முந்திரிக்கு மாறிற்று. முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரித்தூளும் மட்டும்தான். வாயில் வைத்தால் கரைகிறது. இலங்கையின் ‘லவ் கேக்’ இன்னும் சுவாரசியமானது. மைதாவுக்குப் பதில் ரவை, பாதாமுக்குப் பதில் முந்திரி, அதோடு ஏலக்காய், பன்னீர், தேன், சர்க்கரைப் பாகில் ஊறிய நீர்ப்பூசணி. போர்த்துக்கீசியர் காலத்து வழி என்று சொல்வார்கள். பறங்கியர் வீடுகளில் தொடங்கி தமிழ், சிங்களக் குடும்பங்களின் கிறிஸ்துமஸ் மேசை வரைக்கும் வந்துவிட்டது. 1929-ல் ஹில்டா டியூட்ரம் தொகுத்த ‘சிலோன் டெய்லி நியூஸ்’ சமையல் புத்தகம் போன்றவை அச்சில் வந்த பிறகும், வீட்டுக்கு வீடு நோட்டுப் புத்தகத்தில் அளவு மாறிக்கொண்டேதான் இருக்கிறது. ரவை சமைத்துப் பழகிய போடிக்காரருக்கு, மைதாவில் தொடங்குவதைவிட இந்தக் கேக்கில் தொடங்குவது எளிது.

கேக் வேகும் அந்த முக்கால் மணி நேரத்துக்கு வருவோம். கலக்கியாயிற்று, ஊற்றியாயிற்று, திறந்து பார்க்கக்கூடாது. கைக்கு வேலையில்லை, பாத்திரம் கழுவுவதைத் தவிர. அப்போது மனம் எங்கே போகிறது? பெரும்பாலும், யாருக்காகச் செய்கிறோமோ அவரிடம்தான். அவளை முதலில் பார்த்தது எப்போது, கடைசியாகப் பேசியபோது ஏன் குரல் சோர்ந்திருந்தது, எத்தனை நாளாகக் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்காமல் இருக்கிறாள். கடிதம் எழுதும் பழக்கம் போய்விட்ட காலத்தில், ஒருவரைப் பற்றி முக்கால் மணி நேரம் தொடர்ந்து நினைக்க வேறு சந்தர்ப்பம் அதிகம் வாய்ப்பதில்லை.

மனம் அலைபாய்வது கற்பனைக்கு நல்லதா என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. கவனம் அதிகம் தேவைப்படாத சின்ன வேலையில் ஈடுபட்டவர்கள், பிறகு ஒரு பொருளுக்குப் புதுப்புதுப் பயன்களைச் சொல்வதில் முன்னேறினார்கள் என்று கலிஃபோர்னியாவில் பெஞ்சமின் பெயர்டு குழுவினர் 2012-ல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. பிற்பாடு அதேபோல் செய்து பார்த்த வேறு சிலருக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. ஆகவே பாத்திரம் கழுவினால் கவிதை வரும் என்று யாரும் சத்தியம் செய்ய வேண்டாம்.

சற்று உறுதியாகச் சொல்லக்கூடியது வேறொன்று. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் டாம்லின் கானரும் சக ஆய்வாளர்களும் 658 இளைஞர்களை 13 நாட்கள் நாட்குறிப்பு எழுதவைத்தார்கள். இன்றைக்கு எவ்வளவு படைப்பு வேலை செய்தாய், மனம் எப்படி இருந்தது என்பதுதான் கேள்வி. படைப்பு வேலை என்றால் பாட்டு, ஓவியம் மட்டுமல்ல. பின்னல் வேலை, புதுச் சமையல் குறிப்பு முயல்வதும் கணக்கில் வந்தன. ஒரு நாள் படைப்பு வேலையில் ஈடுபட்டவர்கள் மறுநாள் உற்சாகமாகவும் நிறைவாகவும் இருந்தார்கள். உற்சாகமாக இருந்ததால் மறுநாள் படைப்பு வேலை கூடியதா என்று திருப்பிப் பார்த்தார்கள். அப்படித் தெரியவில்லை. வேலைதான் முதலில் வருகிறது, உற்சாகம் அதன் பின்னால் வருகிறது.

ராகுல் மண்டலின் கதை இந்த வரிசையில் வரும். கொல்கத்தாவிலிருந்து படிப்புக்காக 2010-ல் பிரிட்டன் போனவர், பிறகு ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் அணுசக்தித் துறை சார்ந்த ஆராய்ச்சியாளர். அறிமுகமில்லாத ஊரில் தனிமை. அங்கே நட்பான ஒரு குடும்பத்தின் வழியாகத்தான் அந்நாட்டுக் கேக்குகளும் புட்டிங்குகளும் அவருக்குப் பழக்கமாயின. செய்ததை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ச் சக ஊழியர்களுக்குக் கொடுத்தார். 2018-ல் ‘தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்’ தொலைக்காட்சிப் போட்டியில் வென்றார். இறுதிப் போட்டியின் நடுவே அவருடைய கண்ணாடி ஜாடி சூட்டில் வெடித்துச் சிதறி, செய்த வேலையில் சில்லு விழுந்தது. 15 நிமிடம் கூடுதலாகக் கொடுத்தார்கள். மறுபடி தொடங்கி முடித்தார். போட்டியில் தன்னைக் குறைத்தே பேசிக்கொண்டிருந்த அந்த மனிதரின் மேசையில் பெருஞ்சீரகமும் ஏலக்காயும் இந்திய இனிப்புகளும் திரும்பத் திரும்ப வந்தன. நட்பு தேடிச் செய்தவரின் கை, பிறந்த ஊரின் மணத்தை விடவில்லை.

இதற்கெல்லாம் எதிர்த்திசையில் இன்றைய பிறந்தநாள் கேக் போய்க்கொண்டிருப்பதையும் சொல்ல வேண்டும். நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு வெட்டியதும் கிரீமை வழித்து முகத்தில் அப்பிவிடுகிறார்கள். தின்பதற்கு மிச்சமிருப்பதில்லை. நடுரோட்டில் பட்டாக்கத்தியால் கேக் வெட்டி, அதை வீடியோவாகப் போட்டு, மறுநாள் காவல் நிலையத்தில் நிற்கும் செய்திகள் தமிழ்நாட்டில் ஒரு தனிப் பிரிவாகவே வளர்ந்துவிட்டன. அந்தக் கேக்கை யாராவது ஒருவர் நண்பனை நினைத்துச் செய்திருந்தால் கத்தியை எடுக்க மனம் வந்திருக்காது.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. போடியிலிருந்தும் தேவாரம், கம்பம் பக்கங்களிலிருந்தும் விடியும் முன்னே ஜீப்புகளில் நெருக்கி உட்கார்ந்து மலைத்தோட்டங்களுக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறார்கள் பெண்கள். பழுக்கும் பருவத்தில் ஒவ்வொரு காயாகப் பார்த்து, முதிர்ந்ததை மட்டும் பறித்தாக வேண்டும். பறித்த காய் உலர்த்தும் ஸ்டோரில் 45 முதல் 55 டிகிரிச் சூட்டில் ஒரு நாள் போலக் கிடந்து, நூறு கிலோவுக்கு இருபது கிலோ அளவில் சுருங்குகிறது. சூடு ஏறினால் பச்சை போய்விடும், விலையும் போய்விடும். கிடங்குகளில் உட்கார்ந்து தரம் பிரிப்பவர்களும் பெரும்பாலும் பெண்களே. மாலையில் களைத்து வீடு திரும்புபவரிடம் முக்கால் மணி நேரச் சிந்தனை சுகத்தைப் பற்றிப் பேசினால் சிரிப்பார். கேக் ஓய்வு கேட்கும் பண்டம். ஆனாலும் ஓடிஜியும் கேக் அச்சும் இறக்குமதி சாக்லேட்டும் கட்டாயமில்லை. ஞாயிற்றுக்கிழமைக் குக்கரில், ரேஷன் கோதுமையை அரைத்த மாவில், நாட்டுச்சர்க்கரையில் செய்தாலும் கேக் கேக்தான்.

கடைசியாக ஏலக்காயைப் பற்றி. அதன் மணம் சினியோல், டெர்பினைல் அசிடேட் என்ற எண்ணெய்ச் சத்துகளில் இருக்கிறது. இரண்டும் விதையில்தான் இருக்கின்றன. தோலைவிட்டு விதை வெளியே வந்ததும், அதிலும் பொடியானதும், காற்றோடு போகத் தொடங்கிவிடுகின்றன. கடையில் பொடியாக விற்பதை வாங்கிக் கேக்கில் போட்டு, “ஏலக்காய் மணமே வரலையே” என்று சலித்துக்கொள்வதில் பயனில்லை. போடிக்கு வருபவர்கள் 50 கிராம் வாங்கினாலும் தோலோடு, பச்சை மங்காததாக வாங்குங்கள். காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சம் படாமல் வையுங்கள். செய்யும் அன்றைக்கு உரித்து, நம் வீடுகளில் எப்போதும் செய்வதுபோல் ஒரு கை சர்க்கரையோடு சேர்த்து இடியுங்கள். அரை கிலோ கேக்குக்கு எட்டுப் பத்துக் காய் தாராளம். மணம் கொழுப்பில் நன்றாகக் கரையும் என்பதால், பொடியை மாவில் தூவாமல் வெண்ணெயில் அல்லது இளஞ்சூடான பாலில் கலந்துகொள்வது நல்லது. மலைமேல் செய்பவர்கள் ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடருக்கு அரைக்கால் டீஸ்பூன் குறைத்துக்கொள்ளலாம். தொடங்குவதற்கு முன்னால் அந்த நண்பரிடம் ஒரு போன் போட்டு, எது ஆகாது, எது பிடிக்காது என்று மட்டும் கேட்டுவிடுங்கள். எதற்குக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டாம்.